பழைய ஷெட்டில் உள்ள ரிப்பேர் குழியை மூடி அறையாக்க வேண்டும், எதைப் போட்டு நிரப்புவது?

மேலப்பாளையத்துக்காரன்:
வாப்பா வேன் ரிப்பேர் பார்த்த ஷெட் எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. அவருக்குப் பிறகு அங்கே வேலை நடக்கவில்லை. உம்மாவுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியவில்லை, அதனால் ஷெட்டையே அவர்களுக்கு அறையாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம். பிரச்சினை நடுவில் இருக்கிற குழிதான். 12 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழம், செங்கல் கட்டி சிமெண்ட் பூசியது, மேலே பலகை. அடியில் ஆயிலும் தண்ணீரும் கலந்து கறுப்பாகக் கிடக்கிறது. இடிக்கிற சுவர்க் கட்டிகளை உள்ளே தள்ளி, மேலே தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். மச்சான், குழியை வைத்துக்கொண்டு மூடி போட்டால் சாமான் வைக்க ஆகும் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. உம்மா நடமாடப் போகிற தரை, பிறகு இறங்கினாலோ ஓதம் ஏறினாலோ என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை கட்டட வேலை:
தம்பி, முதலில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள், நிரப்புவது அப்புறம். குழியைச் சுத்தமாக இறைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். மறுபடி ஊறினால் அது நிலத்தடி நீர். உங்கள் பக்கம் பாளையங்கால்வாய் ஓடுகிறது, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்திலும் கால்வாயில் தண்ணீர் போகும்போது ஊறுகிற இடம் சித்திரை வைகாசியில் எலும்பாகக் காய்ந்து கிடக்கும், அதைப் பார்த்து ஓதம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கட்டிகளைத் தள்ளுகிற யோசனை வேண்டவே வேண்டாம். பெரிய கட்டிகளுக்கு நடுவில் பொந்து நிற்கும், மழைக்கு மண் அதில் இறங்கும், தளம் தொங்கிக்கொண்டு நிற்கும், ஒருநாள் கட்டில் கால் பக்கம் விரிசல் விடும். குழியின் அடித்தளத்தை உடைத்துவிடுங்கள், உடைக்காவிட்டால் உள்ளே போகிற தண்ணீர் தொட்டியில் நிற்கிற மாதிரி நிற்கும். அடியில் முக்கால் அடிக்கு 40 எம்எம் ஜல்லி, அதற்கு மேல் சிறு கல் கலந்த சரள் மண், அரை அடி போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள், மறுபடி அரை அடி, மறுபடி திமிசு. ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி இறுகவே இறுகாது. குழியின் கொள்ளளவு 180 கன அடி, இறுகிவிடுவதால் ஜல்லியும் சரளும் சேர்த்து இரண்டு, இரண்டேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கேட்டு வாங்குங்கள். பக்கச் சுவரில் மேல் ஒரு அடியை மட்டும் இடித்து எடுங்கள், இல்லாவிட்டால் சுவர் நிற்கும், நடுவில் இறங்கும், அந்தக் கோட்டிலேயே தளம் பிளக்கும். கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, குழிக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தாண்டும்படி 8 எம்எம் கம்பி கட்டிப் போடுங்கள்.

பழைய மெக்கானிக்:
மேலே அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் ஆளை இறக்குவதற்கு முன்னால் ஒரு விஷயம், இதில் விளையாட்டே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் போய்த் தங்கும். நம் ஊரில் கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கம் உண்டு, இங்கே அதைச் செய்தால் தீப்பிடிக்கும். பலகைகளை எடுத்துப் போட்டு, ஷெட் கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்கக் காற்றாட விடுங்கள். பீடி, சிகரெட், கட்டிங் மெஷின், ஒட்டுப்போட்ட ஒயரில் தொங்குகிற பல்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். உள்ளே ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

ஆயிலை மரத்தூள் போட்டு உறிஞ்சி டிரம்மில் அள்ளுங்கள். கழிவு ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவு, கால்வாயிலோ சாக்கடையிலோ விட்டுவிடாதீர்கள், அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. பூச்சைக் கொத்தி எடுங்கள், அடியில் கறுத்த மண் இருக்கிற வரைக்கும் தோண்டி எடுங்கள். அதை விட்டுவிட்டு மூடினால் வெயில் காலத்தில் அறைக்குள் வாடை அடிக்கும், உம்மாவால் படுக்க முடியாது. ஷெட் தரையிலும் ஆயில் ஊறியிருக்கும், அதன் மேல் டைல்ஸ் கலவை பிடிக்காது, அந்த இடங்களையும் கொத்திவிடுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம்:
செலவைக் குறைக்கிறேன் என்று யாராவது கரிசல் மண் கொண்டுவந்து கொட்டினால் திருப்பி அனுப்புங்கள். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எங்கள் பக்கம் வீட்டுக்கு அடியிலிருந்தே அதைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் போடுகிறோம்.

மேலப்பாளையத்துக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. மச்சான் இன்னும் சாமான் வைக்கலாம் என்றே நிற்கிறார். இன்னொன்று, குழி ஒரு முனையில் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடிதான் தள்ளியிருக்கிறது, தோண்டினால் சுவருக்கு ஏதும் ஆகுமா?

பாளை கட்டட வேலை:
அந்த முனையில் பக்கச் சுவரைத் தொடாதீர்கள், அதுதான் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அஸ்திவாரத்தைவிடக் கீழே தோண்டுவதானால் அந்த முனையை ஒரேயடியாகத் திறக்காமல், மூன்று மூன்று அடியாகத் தோண்டி உடனே நிரப்பிக்கொண்டு போகச் சொல்லுங்கள், சுவரில் விரிசல் ஏற்கனவே இருந்தால் இஞ்சினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். மச்சானிடம் 2023 டிசம்பர் மழையை ஞாபகப்படுத்துங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, நம் ஊர்த் தெருக்களும் மிதந்தன. அப்படி ஒரு மழைக்கு மூடிய குழிக்குள் வைத்த சாமான் என்ன ஆகும்? அதோடு மூட்டு வலிக்காரர் நடக்கிற அறையில் தூக்கித் திறக்கிற மூடி இருக்கவே கூடாது, விளிம்பு கால் இஞ்ச் தூக்கினாலும் தடுக்கிவிடும்.

தளம் போட்டபின் ஒரு வாரமாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். டைல்ஸுக்கு அவசரப்படாமல் ஒரு மாதம் போகட்டும், வழவழப்பு இல்லாத டைல்ஸாகப் பார்த்து எடுங்கள்.