கலைச்சொல் விவாதம்: 'டிஜெனரசி'க்குத் தமிழில் என்ன போடலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கணக்குத் தொகுப்பில் குவாண்டம் பகுதி திருத்தத்துக்கு வந்திருக்கிறது. 'டிஜெனரசி'க்கு, அதாவது பல நிலைகள் ஒரே ஆற்றலைப் பகிர்ந்துகொள்வதற்கு, ஆளுக்கொரு சொல் எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் 'சிதைவு', அடுத்த பக்கத்தில் 'சமநிலை', இன்னொரு இடத்தில் 'சம ஆற்றல் நிலை'. ஏதாவது ஒன்றில் நின்றாக வேண்டும்.

'சிதைவு' வேண்டவே வேண்டாம். கூடங்குளம் இருக்கிற மாவட்டத்தில் சிதைவு என்றால் கதிரியக்கச் சிதைவுதான். அரை ஆயுட்காலக் கணக்குகளும் இதே தொகுப்பில்தான் இருக்கின்றன. 'சமநிலை' இயக்கவியலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். என் வாக்கு 'சம ஆற்றல் நிலைகள்'.

கருத்து பிடிபடாவிட்டால் விடை எப்படிக் கெடும் என்பதற்கு ஒரு கணக்கு. ஊடுருவ முடியாத சுவர் கொண்ட சதுரப் பெட்டி, இருபரிமாணம். ஒன்றோடொன்று வினைபுரியாத 10 எலக்ட்ரான்கள். தாழ்நிலையில் மொத்த ஆற்றல் எவ்வளவு? அதே பக்க நீளமுள்ள ஒருபரிமாணப் பெட்டியின் தாழ்நிலை ஆற்றலை 1 அலகு என்று கொண்டால், ஆற்றல் என்பது இரண்டு குவாண்டம் எண்களின் வர்க்கங்களின் கூடுதல். (1,1)-க்கு 2, (1,2), (2,1) இரண்டுக்கும் 5, (2,2)-க்கு 8, (1,3), (3,1) இரண்டுக்கும் 10. தற்சுழற்சியால் (ஸ்பின்) ஒவ்வொரு நிலையிலும் 2 எலக்ட்ரான் அமரும். ஆக 2×2 + 4×5 + 2×8 + 2×10 = 60 அலகு. (1,2)-ஐயும் (2,1)-ஐயும் ஒன்றென்று எண்ணியவர் மட்டத்துக்கு 2 வீதம் போட்டு 13 வரை ஏறி 76 எழுதுவார். தற்சுழற்சியை மறந்தவருக்கு 100 வரும். ஜாம் (எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு) தாளில் எண்ணை நேரடியாக நிரப்பும் பிரிவுக்குக் கழிவு மதிப்பெண் கிடையாது. ஆனால் தெரிவுகளைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளவும் வழி கிடையாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, 'சம ஆற்றல்' பெட்டிக்குள் மட்டும்தான் செல்லும். இயக்கவியல் பகுதியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழுவழுப்பான வட்ட வளையத்தில் சம நிறையுள்ள மூன்று மணிகள், நடுவில் மூன்று ஒரேமாதிரிச் சுருள்கள். இயல்பு அதிர்வெண்களின் வர்க்கம் 0, 3 சுருள் மாறிலி / நிறை, மறுபடியும் அதே 3 சுருள் மாறிலி / நிறை. பின்னவை இரண்டும் ஒரே அதிர்வெண். அந்த இரண்டு பாங்குகளிலும் (அதிர்வு முறைகளிலும்) ஆற்றல் சமமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அது வீச்சைப் பொறுத்தது. ஆகவே 'சம ஆற்றல்' இங்கே தப்பான பொருளைக் கொடுக்கும். ஐகன் மதிப்பு ஒன்று, ஐகன் திசையன்கள் பல என்பதுதான் இரண்டுக்கும் பொது. சொல் அதைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் வழுக்குகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். (1,−1,0), (0,1,−1) என்று இரண்டு திசையன்களை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டும் சரியான பாங்குகள்தான், ஆனால் உட்பெருக்கம் −1, செங்குத்தாக இல்லை. தொடக்க இடப்பெயர்ச்சியைப் பாங்குகளாகப் பிரிக்கும்போது உட்பெருக்க வழி கைவிட்டுவிடும். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை (1,1,−2) ஆக்க வேண்டும். ஒரே மதிப்பு உள்ள இடத்தில் மட்டுமே இப்படிக் கலந்து மாற்ற உரிமை உண்டு. வெவ்வேறு அதிர்வெண் என்றால் செங்குத்து தானாகவே வந்துவிடும்.

தென்காசியிலிருந்து:

ஜாம் தாள் ஆங்கிலத்தில்தான் வருகிறது. மண்டபத்தில் 'டிஜெனரேட்' என்று பார்க்கிற பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் எதற்கு? ஒலிபெயர்ப்பே போதாதா?

பேட்டையிலிருந்து:

போதாது சார். ஒலிபெயர்ப்பை மட்டும் பழகியவர் 'டிஜெனரசியை லிஃப்ட் செய்' என்றால் எதையோ மேலே தூக்குவதாக நினைக்கிறார். அங்கே நடப்பது ஒரே மதிப்பில் நின்றவை பிரிதல். தமிழ்ச் சொல்லோடு ஒலிபெயர்ப்பையும் முதல் முறை சேர்த்தே அச்சிடுவோம்.

விளையாட்டாகத் தோன்றினாலும் ஒன்று சொல்லட்டுமா? பங்காளி நிலைகள்! ஒரே சொத்துக்குப் பல பேர் உரிமை. வெளியிலிருந்து ஒரு புலம் வந்து புகுந்தால் பாகப்பிரிவினை. ஹைட்ரஜனின் இரண்டாம் மட்டத்தில், தற்சுழற்சியை விட்டால், நான்கு நிலைகள். சீரான மின்புலத்தில் வைத்தால் முதல் வரிசைத் திருத்தம் ஒன்றை மேலே தள்ளுகிறது, ஒன்றைக் கீழே தள்ளுகிறது, இரண்டு பழைய இடத்திலேயே நிற்கின்றன. தள்ளும் அளவு 3 × எலக்ட்ரான் மின்னூட்டம் × போர் ஆரம் × புலம். நாலு பங்காளியில் இரண்டு பேர் தனி, மிச்சம் இரண்டு பேர் இன்னும் கூட்டுக் குடும்பம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

நல்லா இருக்குவே, ஆனா அச்சுல போட்டா நம்மள விடமாட்டாங்க. இருந்தாலும் அதில் ஒரு சரக்கு இருக்கிறது. உடன்பிறந்தார், உடன்பங்காளி என்கிறோம் அல்லவா, அந்த 'உடன்' போதும். உடன்மதிப்பு. ஆற்றல் என்ற பேச்சே இல்லாததால் அம்பையின் மணிகளுக்கும் பொருந்தும். உடன்மதிப்பு நிலைகள், உடன்மதிப்புப் பாங்குகள், உடன்மதிப்புப் பிரிதல்.

எத்தனை என்பதற்கு மடி சேர்க்கலாம்: இருமடி உடன்மதிப்பு, மும்மடி உடன்மதிப்பு.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

உடன்மதிப்புக்குச் சம்மதம். 'மடி' வேண்டாம் அண்ணாச்சி. பள்ளிப் புத்தகத்தில் 'எதிர்த்தகவு இருமடி விதி' படித்து வந்தவருக்கு இருமடி என்றால் வர்க்கம். ஹைட்ரஜனில், தற்சுழற்சியை விட்டால், நிலைகளின் எண்ணிக்கையே முதன்மைக் குவாண்டம் எண்ணின் வர்க்கம். அங்கே இருமடி என்று எழுதினால் கேட்கவே வேண்டாம். 'உடன்மதிப்பு எண் 2' என்று நேராக எழுதிவிடலாம். அப்படியானால் முப்பரிமாணச் சீர் அலையியற்றியில் அடுக்கு எண் (குவாண்டம் எண்களின் கூடுதல்) 2 உள்ள மட்டத்தின் உடன்மதிப்பு எண் 3×4/2 = 6. இருபரிமாணத்தில் அதே அடுக்குக்கு 3. வாசிக்கத் தடங்கல் இல்லை.

எதிர்ப்பதத்துக்கு யாராவது 'தனிமதிப்பு' என்று தொடங்குவதற்கு முன்பே தடுத்துவிடுகிறேன். அது தனிவெப்பநிலையோடு சேர்ந்துகொண்டு குறி நீக்கிய எண் போல ஒலிக்கும். 'ஒற்றை நிலை' என்றால் தற்சுழற்சி ஒற்றை (சிங்லெட்). 'உடன்மதிப்பற்ற மட்டம்' என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பாது.

பிரிதலுக்கு இயக்கவியலிலேயே நல்ல கணக்கு இருக்கிறது, குவாண்டத்துக்கு முன்னால் அதை வையுங்கள். 1 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஊசல்கள், குண்டு ஒவ்வொன்றும் 0.5 கிலோ. இணைப்பு இல்லாதபோது கோண அதிர்வெண் இரண்டுக்கும் √9.8, அதாவது விநாடிக்கு 3.13 ரேடியன், உடன்மதிப்பு எண் 2. குண்டுகளுக்கு நடுவே மீட்டருக்கு 0.5 நியூட்டன் மாறிலியுள்ள சுருளைக் கட்டினால், ஒரே பக்கம் ஆடும் பாங்கு 3.13-லேயே நிற்கும். எதிரெதிராக ஆடும் பாங்கில் சுருளின் நீட்சி இரட்டிப்பாவதால் 9.8-உடன் 2 சேர்ந்து √11.8 = 3.435 ஆகும். வித்தியாசம் 0.305. ஒரு குண்டை மட்டும் இழுத்து விட்டால் சுமார் 10.3 விநாடியில் ஆட்டம் முழுவதும் அடுத்த குண்டுக்குப் போய்விடும். திரும்பி வர 20.6 விநாடி. அரை வித்தியாசத்தை எடுப்பதா முழு வித்தியாசத்தை எடுப்பதா என்பதில்தான் விடை இரட்டிப்பாகிறது. வீச்சின் உறைக்கு அரை, ஆற்றல் போய்த் திரும்பும் காலத்துக்கு முழு.

வள்ளியூரிலிருந்து:

மேடம் சொன்ன ஊசல் கணக்கு கேட் (பொறியியல் பட்டதாரித் தகுதித் தேர்வு) தாளுக்குத் தயாராகிறவருக்கும் உதவும். உடன்மதிப்பு உள்ள இடத்தில் சாதாரணச் சிறுமாற்றச் (பெர்டர்பேஷன்) சூத்திரத்தைப் போட்டால் இரண்டாம் வரிசையில் பின்னத்தின் பகுதி பூச்சியமாகிவிடும். மூலைவிட்ட உறுப்பை மட்டும் பார்த்தால் 'மாற்றமே இல்லை' என்று வரும். அந்த நிலைகளுக்குள் மட்டும் அணி எழுதி மூலைவிட்டமாக்க வேண்டும். 2×2 அணியின் மூலைவிட்டத்தில் பூச்சியமும் வெளியே ஒரே மெய்யெண்ணும் இருந்தால் அந்த எண்ணே கூட்டல் கழித்தலாக வந்து நிற்கும்.

என் கவலை வேறு. 'ஆக்சிடென்டல் டிஜெனரசி' என்பதை 'தற்செயல் உடன்மதிப்பு' என்று ஒரே பெயரில் அடைப்பது சரியல்ல. சதுரப் பெட்டியில் 50 அலகுக்கு (1,7), (7,1), (5,5) மூன்றும் வருகின்றன. முதல் இரண்டு சமச்சீர்மையால். (5,5) சேர்வது எண்களின் பொருத்தம், அது தற்செயல். பக்கங்கள் 1:2 ஆன செவ்வகத்திலும் (1,4), (2,2) மோதுகின்றன, 4+16 = 16+4. ஹைட்ரஜனில் ஒரே முதன்மை எண்ணுக்குள் வெவ்வேறு கோண உந்த நிலைகள் ஒன்றாக நிற்பதோ, எதிர் இருமடி விசைக்கே உரிய ரங்கே–லென்ஸ் திசையன் (சுற்றுப்பாதையின் நீள் அச்சுத் திசையைக் காட்டுவது) மாறாமல் இருப்பதால். கோள் பாதை மூடிய நீள்வட்டமாவதும் அதனால்தான். இதற்கு 'மறைசமச்சீர் உடன்மதிப்பு' என்று தனிப்பெயர் கேட்கிறேன்.

வெள்ளைக் குறுமீன்களில் வரும் 'டிஜெனரசி பிரஷர்' என்ற எலக்ட்ரான் அழுத்தத்துக்கு இந்தச் சொல்லை நீட்டக் கூடாது. அங்கே விஷயம் பவுலி விலக்கத்தால் (ஒரே தற்சுழற்சியுள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் அமர முடியாது) தாழ்மட்டங்கள் நிரம்பிவிடுவது. சந்திரசேகர் எல்லை 1.4 சூரிய நிறை என்ற கணக்கு அதிலிருந்து வருகிறது. 'நிரம்பல் அழுத்தம்' என்று தனி இழை தொடங்கலாம்.

தென்காசியிலிருந்து:

உடன்மதிப்பு, மறைசமச்சீர் இரண்டும் சரி. ஒலிபெயர்ப்பு அருகிலேயே இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

அப்படியே பதிகிறேன். இத்தோடு தொகுப்பு முழுவதும் 'நிலை', 'மட்டம்' இரண்டையும் பிரித்து எழுதியாக வேண்டும். மட்டம் ஒன்று, அதில் நிலைகள் பல. கனசதுரப் பெட்டியில் மட்டங்கள் 3, 6, 9, 11, 12, 14 அலகு. உடன்மதிப்பு எண்கள் 1, 3, 3, 3, 1, 6. 'மூன்றாம் கிளர்ச்சி மட்டம்' 11. நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போனவர் மூன்றாவதாக 6-இலேயே நின்றுவிடுவார். வினாவில் எலக்ட்ரான் என்று இருந்தால் 11-க்கு உரிய எண் 3 அல்ல, 6. இப்போது வரைவில் ஐந்து வினாக்கள் 'மூன்றாம் கிளர்ச்சி நிலை' என்றே இருக்கின்றன. பேட்டைத் தம்பி அவற்றை 'மட்டம்' ஆக்கி, தற்சுழற்சியைச் சேர்க்கணுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதி அனுப்பட்டும்.