சோற்றைக் கன்னத்திலேயே அடக்கிக்கொள்கிறான்

பொங்கோல் அம்மா:
மகனுக்கு இரண்டரை வயது. பால், ரொட்டி, வெறும் இட்லி, அவ்வளவுதான். சோறு ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் குமட்டல். மாமியார் கைப்பேசியைக் காட்டித்தான் ஊட்டுகிறார். பள்ளியில் பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) தட்டைத் தள்ளிவிடுகிறானாம். எல்லாரும் அடம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஈசூன்வாசி:
எனக்கும்தான். என் மகளும் இப்படித்தான் இருந்தாள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, இங்கே சிங்கப்பூரில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் போனோம், மானியக் கட்டணம். பார்த்தது பேச்சு சிகிச்சையாளர்! மெல்வது, விழுங்குவது எல்லாம் அவர்கள் வேலைதான் என்று அன்றுதான் தெரிந்தது.

தேக்கா பாட்டி:
புது உணவைச் சில பிள்ளைகள் 10, 15 தடவை பார்த்த பிறகுதான் தொடுவார்கள். இட்லிக்குப் பக்கத்தில் நாலு பருக்கை வையுங்கள். சாப்பிடச் சொல்லாதீர்கள். எடை ஏறுகிறதா? விழுங்கும்போது இருமுகிறானா?

பொங்கோல் அம்மா:
இருமல் இல்லை, பாட்டி. சுகாதாரக் கையேட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நாலு மாதமாக எடை அப்படியே நிற்கிறது. நாளைக் காலையே மருந்தகத்துக்குப் போகிறேன். அப்புறம், அந்தக் கைப்பேசி விஷயத்தை மாமியாரிடம் யார் சொல்வது?