ஆல்டோ பாடுகிறேன், ஸ்டாஃப் நோட்டேஷன் புரியவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

வேப்பேரி ஆல்டோ:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் எங்கள் சபை கொயரில் சேர்ந்தேன். சின்ன வயதில் நாலு வருஷம் கர்நாடக சங்கீதம் படித்திருக்கிறேன், வர்ணம் வரை வந்தேன், அதனால் சுருதி சேர்ந்து பாடுவதில் பிரச்சினை இல்லை. இதுவரை பக்கத்தில் நிற்கும் அக்காவைக் கேட்டுக் கேட்டே ஆல்டோ பார்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார், இங்கே கேரல் சர்வீஸுக்கு ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ் எடுத்திருக்கிறார்கள். கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு, நாலு பார்ட்டும் (பெண்களின் உயர்ந்த குரல் சோப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ, ஆண்களில் டெனர், பாஸ்) ஒன்றன்கீழ் ஒன்றாக. மாஸ்டர் ஒரு பார் (நிமிர்ந்த கோடுகளுக்கு நடுவே உள்ள தாளக் கட்டம்) நம்பரைச் சொல்லி அங்கிருந்து எடுங்கள் என்றால், நான் அந்த இடத்தைத் தேடி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பெரியவர்கள் டோ ரே மீ என்று எழுத்தில் எழுதும் சோல்ஃபா போதும் என்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் ஐந்து கோட்டில் குறி போடும் ஸ்டாஃப்தான் என்கிறார்கள். எதை முதலில் கற்பது? கீபோர்டு வாசிப்பவர் 'டி (D) மேஜர்' என்கிறார், அது நம் கர்நாடக சங்கீதச் சுருதிக் கணக்கில் இரண்டு கட்டைதானா?

பழைய டெனர்:

ஆமாம்மா, டி என்றால் இரண்டு கட்டைதான். சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து. கட்டைக் கணக்கு தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சோல்ஃபாவில் தொடங்குங்கள். 1840களில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்ற போதகர், நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவரின் முறையை எடுத்து விரிவாக்கியது அது. வாத்தியம் தெரியாத சபை மக்களும் பார்த்த உடனே பாட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். டோ என்பது நம் சட்ஜம் மாதிரியே, சுருதி எங்கே போனாலும் கூடவே நகரும். டோ ரே மீ ஃபா சோ லா டீ என்றால் ச ரி க ம ப த நி, ஆனால் சங்கராபரணத்தின் ச ரி க ம ப த நி. நீங்கள் சரளி வரிசை பாடியது மாயாமாளவகௌளையில், அந்தப் பழக்கத்தில் ரிஷபமும் தைவதமும் இறங்கிவிடப் பார்க்கும், கவனம். மைனர் பாட்டு வந்தால் லாவையே ஆதாரமாக வைத்துப் பாடுங்கள், நடபைரவி கேட்கும்.

ஸ்டாஃப் பக்கத்தில் டோவைக் கண்டுபிடிக்க: வரியின் தொடக்கத்தில் ஷார்ப் குறிகள் (♯, ஸ்வரத்தை அரைப் படி உயர்த்துவது) இருந்தால் கடைசி ஷார்ப் இருக்கும் இடம் டீ, அதற்கு அடுத்த மேல் இடம் டோ. அல்லேலூயாவில் இரண்டு ஷார்ப், இரண்டாவது சி மேல் இருக்கிறது, அதனால் டோ என்பது டி (D). ஃபிளாட் (♭, அரைப் படி தாழ்த்துவது) என்றால் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்தான் டோ. ஒரே ஒரு ஃபிளாட் மட்டும் இருந்தால் டோ எஃப், அதை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பெரம்பூர் கீபோர்டு:

அண்ணன் சொன்னது சரி, ஆனாலும் ஸ்டாஃபை விட்டுவிடாதீர்கள். நாலு பார்ட்டும் எங்கே போகின்றன என்பது அதில்தான் கண்ணுக்குத் தெரியும். சோப்ரானோ பிடித்து முடித்த ஸ்வரத்தில் ஆல்டோ நுழைகிறது என்று பார்த்துவிட்டால், உள்ளே வர யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கோட்டுப் பெயர்களை உருப்போடாதீர்கள். உங்கள் வரித் தொடக்கத்தில் இருக்கும் குறி டிரெபிள் கிளெஃப், அதன் சுழி கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கும், அந்தக் கோடு ஜி. நீங்கள் ஐந்து கட்டையில் பாடியிருந்தால் அது உங்கள் மேல் சட்ஜம்! அங்கிருந்து படி ஏறி இறங்குங்கள்: கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் ஒரு ஸ்வரம், கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டுகிறீர்கள், சவிலிருந்து கவுக்குப் போவது மாதிரி.

அப்புறம், இன்றைக்கே ஒரு ஹைலைட்டர் எடுத்து எல்லாப் பக்கத்திலும் ஆல்டோ வரியை மட்டும் தீட்டிவிடுங்கள் (மேலிருந்து இரண்டாவது), பார் நம்பர் அச்சாகவில்லை என்றால் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைத் தேடும் தொல்லை அதோடு தீரும். பாமாலைப் புத்தகத்தில் சோப்ரானோவும் ஆல்டோவும் ஒரே ஸ்டாஃபில் இருந்தால், ஸ்வரக் குறியின் வால் மேலே போவது சோப்ரானோ, கீழே போவது ஆல்டோ. வெறும் ஸ்டாஃப் நோட்டு மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் கடையில் கிடைக்கும், தினம் நாலு பார் கையால் எழுதிப் பாருங்கள்.

ராயபுரம் பாஸ்:

எல்லோரும் ஸ்வரத்தைப் பற்றியே சொல்கிறீர்கள். நான் பார்த்த வரைக்கும் கொயர் விழுவது தாளத்தில்தான், அதிலும் ரெஸ்டில், அதாவது பாடாமல் நிற்க வேண்டிய இடத்தில். அல்லேலூயாவின் கடைசி வரிக்கு முன்னால் எல்லா பார்ட்டும் சட்டென்று நிற்கும், முழு அமைதி, அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசி நீளமான அல்லேலூயா. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் உள்ளே வந்தாலும் அவ்வளவு நேரம் கட்டியது உடைந்துவிடும். ஒருமுறை எங்கள் சபையிலேயே அப்படி நடந்தது, பாடியவர் நல்ல குரல்காரர், எண்ணவில்லை, அவ்வளவுதான். ரெஸ்ட் என்றால் சும்மா இருப்பது இல்லை சகோதரி, உள்ளே எண்ணிக்கொண்டே இருப்பது.

தொடக்கத்தில் ஃபோர் ஃபோர் (4/4) என்று போட்டிருந்தால் பாருக்கு நாலு அடி, இரண்டு பார் சேர்ந்தால் உங்கள் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம். சிக்ஸ் எய்ட்டை (6/8) ஆறாக எண்ணாதீர்கள், இரண்டு அடி, ஒவ்வொன்றிலும் மூன்று, அதாவது திஸ்ரம். சைலண்ட் நைட் பாடிப் பாருங்கள், தானாக ஆடும்.

வரியோரம் சின்ன எழுத்தில் பி (p) என்றால் மெல்ல, எஃப் (f) என்றால் ஓங்கி, முன்னால் எம் (m) வந்தால் நடுத்தரம். அரைவட்டத்துக்குள் புள்ளி வைத்த கண் மாதிரிக் குறி வந்தால் தாளை விட்டு மாஸ்டரின் கையைப் பாருங்கள், அவர் விடும் வரை ஸ்வரம் நிற்க வேண்டும்.

வேப்பேரி ஆல்டோ:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஹைலைட்டர் வேலை நேற்று இரவே முடிந்தது, தாளில் என் இடம் எது என்று முதல்முறையாகத் தெரிகிறது. ஒரே ஒரு சந்தேகம் ஐயா: சோல்ஃபா புத்தகத்திலும் புள்ளி இருக்கிறது, ஸ்டாஃபிலும் இருக்கிறது, இரண்டும் ஒன்றா?

பழைய டெனர்:

இல்லை, இரண்டும் வேறு, நிறைய பேர் குழம்பும் இடம் இது. ஸ்டாஃபில் ஸ்வரத்துக்குப் பின்னால் புள்ளி வந்தால் அதன் நீளத்தில் பாதி கூடும், ஒரு அடி ஒன்றரை அடி ஆகும். சோல்ஃபாவில் கோலன் (:) அடிகளைப் பிரிக்கும், புள்ளி ஓர் அடியை இரண்டாக வெட்டும், சின்னக் கோடு முந்தைய ஸ்வரத்தை நீட்டும், வெறுமையாக விட்டிருந்தால் மௌனம்.

சோப்ரானோவின் முதல் அல்லேலூயாவைப் பாருங்கள், டோ சோ லா சோ. சோல்ஃபாவில் முதல் அடி டோ, இரண்டாவது அடியில் ஒரு கோடு, புள்ளி, சோ. மூன்றாவது அடியில் லா, புள்ளி, சோ. நாலாவது அடி காலி. ஸ்டாஃபில் அதே டோவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையில் தாளம் போட்டுக்கொண்டே படியுங்கள். ஆல்டோவும் அந்த இடத்தில் அதே தாளத்தில்தான் போகிறது, ஸ்வரம் மட்டும்தான் வேறு.