வழுதூர், குத்தாலம், கோவில்களப்பால் கேஸ் நிலையங்கள்: மாலையில் மட்டும் ஓட்டினால் என்ன?

ஹெர்ட்ஸ்50:
மின்வாரியத்தின் கேஸ் மின் நிலையங்களில் பேசின் பிரிட்ஜை விட்டுவிடுவோம், அது நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளுக்காகக் கட்டியது. மீதி கோவில்களப்பால் 107.88, குத்தாலம் 101, வழுதூர் இரண்டு கட்டமும் சேர்த்து 187.2. ஆக 396 மெகாவாட். 2024 மே மாதம் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830ஐத் தொட்டது. அதற்கு முன்னால் இது இரண்டே சதவீதம். இதை நாள் முழுக்க ஒரே சீராக ஓட்டி யாருக்கு லாபம்? பகலில் சோலார் குவிகிறது. வழுதூர் இருக்கும் அதே மாவட்டத்தில் கமுதியில் மட்டும் 648 மெகாவாட். பகலில் நிறுத்திவிட்டு மாலை 6 முதல் 10 வரை முழு லோடில் ஓட்டுங்கள். கேஸ் டர்பைன் அரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

டிரம் லெவல்:
அரை மணி நேரம் என்பது கேஸ் டர்பைனுக்கு மட்டும்தான் சார். குத்தாலத்தின் 101இல் 64தான் அது. மீதி 37 ஸ்டீம் டர்பைன், கேஸ் டர்பைனின் சூடான புகையால் பாய்லரில் உண்டாகும் நீராவியில் ஓடுவது. பற்றவைக்கும் முன் பாய்லரில் தேங்கிய வாயுவைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு டிரம்மின், அதாவது பாய்லரில் நீரும் நீராவியும் பிரியும் உருளையின், தடித்த சுவர் விரிசல் விடாதபடி மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நன்றாக ஆறிப்போயிருந்தால் ஸ்டீம் டர்பைன் லோடு எடுக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் உங்கள் உச்ச நேரமே முடிந்துவிடும்.

ஹெர்ட்ஸ்50:
காலையில் நிறுத்தி மாலையில் எடுத்தால் எட்டு, ஒன்பது மணி நேர இடைவெளிதான். புகைவழியை அடைக்கும் டாம்பரை மூடி வெப்பத்தைப் பிடித்துவைத்தால் ஒன்றரை மணி நேரம் போதும். அவசரமென்றால் பாய்லருக்குப் போகாமல் புகையை வெளியே விடும் பைபாஸ் புகைபோக்கி வழியே கேஸ் டர்பைனைத் தனியாக ஓட்டலாம்.

டிரம் லெவல்:
ஓட்டலாம், செலவைப் பாருங்கள். இரண்டு டர்பைனும் சேர்ந்து ஓடும் கம்பைண்டு சைக்கிளில் யூனிட்டுக்குச் சுமார் 1,850 கிலோகலோரி. தனியாக ஓட்டினால் 2,700. பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6.5 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் எரிபொருள் மட்டும் முதலில் 4 ரூபாய், இரண்டாவதில் 6 ரூபாய்க்குப் பக்கம். தினம் ஒரு ஸ்டார்ட் என்றால் வருடத்துக்கு 300க்கு மேல். சூடான வாயு பாயும் ஹாட் கேஸ் பாத் பாகங்களின் தேய்மானத்துக்கு ஓடிய மணிக்கணக்கு மட்டுமல்ல, ஸ்டார்ட் கணக்கும் உண்டு. பிளேடு பூச்சு சீக்கிரம் உதிரும், டாம்பர் சீல் கசியும்.

காவிரிப் படுகை:
இருவரும் குழாயை மறந்துவிட்டீர்கள். இந்த நிலையங்கள் உள்ளூர் எரிவாயுக் கிணறுகளை நம்பிக் கட்டியவை. கிணற்றை நினைத்தபோது மூடித் திறக்க முடியாது. கேஸ் வரும் வேகம் குறைந்தால் அடியில் நீர் தேங்கி அழுத்தம் விழும், பிறகு மீட்பது பெரும்பாடு. குழாயில் சேர்த்துவைக்கலாமென்றால் கணக்கைப் பாருங்கள். 12 அங்குலக் குழாய் 30 கிலோமீட்டர் இருந்து, அழுத்தம் 10 பார் ஏறி இறங்கினால் கிடைப்பது சுமார் 22,000 கன மீட்டர். 100 மெகாவாட் நிலையம் நாளுக்கு 5 லட்சம் கன மீட்டர் எரிக்கும். ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். பகலில் நிறுத்தினால் மீதியைக் கொளுத்தத்தான் வேண்டும். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 சட்டத்துக்குப் பிறகு அங்கே புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை. இருக்கும் கேஸை இப்படி வீணாக்குவதை எந்த ஊர்க்காரரும் ஏற்கமாட்டார்.

ஹெர்ட்ஸ்50:
குழாய்க் கணக்கு சரி. அப்படியானால் முழுவதும் நிறுத்த வேண்டாம், பகலில் 60 சதவீதம், மாலையில் 100 என்று வைத்துக்கொள்ளலாமே? கிணறு ஓடிக்கொண்டே இருக்கும், டிரம்மும் ஆறாது.

டிரம் லெவல்:
அதற்குக் கீழே போகாதவரை சரி. கீழே இறங்கினால் எரிதல் நிலையிழந்து நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஆனால் பகலில் மிச்சமாகும் 40 சதவீத கேஸ் எங்கே போகும்? உங்கள் திட்டத்திலும் அதே கேள்விதான் நிற்கிறது.

காவிரிப் படுகை:
எண்ணூர் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையத்திலிருந்து தெற்கே வரும் பெருங்குழாயுடன் இணைப்பு இருந்தால் மிச்சத்தை அங்கே ஏற்றலாம், மாலையில் திரும்ப எடுக்கலாம். அதற்குக் கம்பிரசர் வேண்டும், இரு பக்கமும் ஓடும் மீட்டர் வேண்டும், கொடுத்து வாங்கும் ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாதவரை வழுதூர் தன் 187ஐச் சீராகக் கொடுத்து, அந்தக் கடைக்கோடி லைன்களில் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கட்டும். மாலை உச்சத்துக்குக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறதே, அதை முதலில் தினமும் முழுசாக ஓட்டச் சொல்லுங்கள்.