சர்ஜ் டேங்க்: ‘எழுச்சித் தொட்டி’ வேண்டாம்

நுவரெலியாவிலிருந்து:

கார்க் கலைச்சொல் பட்டியலில் எரிபொருள் பகுதிக்கு வந்திருக்கிறோம். பெற்றோல் தாங்கிக்கும் என்ஜினுக்கும் நடுவே பூட்டும் சர்ஜ் டேங்குக்கு நேராக ‘எழுச்சித் தொட்டி’ என்று எழுதியிருக்கிறது. மஹகஸ்தோட்ட, ரதல்ல மலையேற்ற ஓட்டங்களுக்குக் கார் தயார்பண்ணும் கராஜில் இந்தச் சொல்லைச் சொன்னால் மெக்கானிக் பாஸ் எதைத் தேடுவார்? அதிலும் ‘தொட்டி’ நமக்குச் சரிவராது. நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி என்றுதான் இங்கே வழக்கம்.

பொருளின் வேலை இது. கூர்வளைவில் 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான, பக்கவிசை வந்தால் தாங்கிக்குள் பெற்றோலின் மட்டம் 45 பாகை சாய்ந்துவிடும். கால் தாங்கி பெற்றோலோடு ஓடும் காரில் உறிஞ்சுவாய் வெறுமையில் நின்று காற்றைக் குடிக்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பகிரும் குழாயான ரெயிலில் அமுக்கம் விழும், காற்றோடு சேரும் பெற்றோல் குறைந்து கலவை மெலியும். டர்போ என்ஜினில் முதலில் நொக்கிங் (கலவை கட்டுமீறி வெடித்துத் தட்டும்), பிறகு பிஸ்டனே போய்விடும். இதைத் தடுக்கத்தான் ஒன்றரை முதல் 3 லீற்றர் வரை கொள்ளும் சிறு கலம் நடுவே வருகிறது. ஒரு பம்பி பெரிய தாங்கியிலிருந்து அதை ஓயாமல் நிரப்பும். மற்றது அதன் அடியிலிருந்து எடுத்து ரெயிலுக்குத் தள்ளும்.

என் முன்மொழிவு: இடைத்தாங்கி.

ஹட்டனிலிருந்து:

> என் முன்மொழிவு: இடைத்தாங்கி.

அண்ணன், ‘எழுச்சி’யைத் தள்ள இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. சர்ஜ் டேங்க் என்ற பெயரில் நாலு பொருள் உலாவுகின்றன. டொயோட்டா கைநூல்களில் அது திரொட்டிலுக்கும் இன்லெட் குழாய்களுக்கும் நடுவே உள்ள காற்றறை. லொறி, பஸ்காரர்களுக்கு ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் தண்ணீர்க் கலம். நீர்மின் திட்டங்களில் வால்வை மூடும்போது சுரங்கக் குழாயில் மோதிவரும் நீரை மேலே ஏறவிட்டு அடக்கும் பெரிய கிணறு. நாம் பேசுவது நாலாவது. நீர்மின் கிணற்றில் உண்மையிலேயே நீர் எழுகிறது, அதற்கு ‘எழுச்சி’ பொருந்தும். நம்முடையதில் எதுவும் எழுவதில்லை. எழக்கூடாது என்பதற்குத்தான் பூட்டுகிறோம். ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காக நாலுக்கும் ஒரே தமிழ் போட்டால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்த்தவர்கள் ஆவோம்.

‘இடை’யில் எனக்குத் திருப்தியில்லை. அது இடத்தை மட்டும் சொல்கிறது. பில்டரும் இடையில்தான் இருக்கிறது. ‘ஊட்டுத்தாங்கி’ எப்படி? இன்ஜெக்‌ஷன் பம்பிக்கு இது ஊட்டுகிறது. அதை நிரப்பும் பம்பி ஏற்றுபம்பி, ரெயிலுக்குத் தள்ளுவது அமுக்கப்பம்பி.

பதுளையிலிருந்து:

தம்பி சொன்ன மூன்றையும் வைத்துப் பூட்டும் முறையை எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போது இடறினால் சொல்லில் பிழை.

ஊட்டுத்தாங்கிக்கு நாலு வாய். அடியில் பெரியது எடுவாய்: ஏஎன் என்ற குழாய் அளவில் 8 அல்லது 10, அமுக்கப்பம்பிக்குப் போவது. பக்கச்சுவரில், நடுவுக்கு மேலே, ஏற்றுபம்பியின் நிரப்புவாயும், ரெயில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் திரும்புவாயும். உச்சியில் வழிவாய், அங்கிருந்து பெரிய தாங்கிக்கு. வழிவாய் ஒரு விரலளவு கீழே இருந்தாலும் மேலே காற்றுப்பை தங்கிவிடும். திரும்புவாயை அடியில் வைப்பது அதைவிட மோசம்: நுரைத்துவரும் பெற்றோலைப் பம்பி உடனே திரும்பக் குடிக்கும், ஊட்டுத்தாங்கி பூட்டியும் பயனில்லை.

எடுவாயைவிட அமுக்கப்பம்பி தாழ்ந்திருக்கட்டும். அந்தப் பம்பிகள் தள்ளுவதில் வீரர்கள், உறிஞ்சுவதில் சோம்பேறிகள். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். உறிஞ்சும் பக்கம் சற்று ஒடுங்கினாலும் பெற்றோல் ஆவியாகும், பம்பி சீறும். ஆகவே பம்பிக்கு முன்னால் 100 மைக்ரோன் வலைப் பில்டர். 10 மைக்ரோன் பில்டர் பின்னால். மாற்றிப் பூட்டினால் பம்பி மூச்சுமுட்டிச் சாகும்.

இனி அளவு. ஏற்றுபம்பி அமுக்கப்பம்பியைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்று பல கராஜ்களில் சொல்வார்கள். தேவையில்லை. 300 குதிரைவலு டர்போ என்ஜின் முழுத் திரொட்டிலில் மணிக்குச் சுமார் 110 லீற்றர் எரிக்கும். அமுக்கப்பம்பி 255 லீற்றர் தள்ளினாலும் மிச்சம் திரும்புவாய் வழியாக ஊட்டுத்தாங்கிக்கே வருகிறது. எனவே ஏற்றுபம்பி எரிவதை மட்டும் மிஞ்சினால் போதும்: 150 லீற்றர் என்றால் நிம்மதி. அந்த மிகுதி வழிவாயில் போகும்போது காற்றையும் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். 2 லீற்றர் ஊட்டுத்தாங்கி அதே எரிவில் ஒரு நிமிடம் தாங்கும். 5 விநாடி வளைவுக்கு 150 மில்லிலீற்றர்தான் செலவு. 5 லீற்றர் கலம் செய்து டிக்கியில் பாரமேற்றுவது வீண்.

பம்பிப் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பவேண்டாம். நிரப்புக் குழாயைக் கழற்றி அளவுக் கலத்தில் விட்டு, பற்றரியைச் சார்ஜரில் போட்டு, கால் தாங்கிப் பெற்றோலோடு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டரை லீற்றர் வரவேண்டும். இரண்டுக்குக் கீழே வந்தால் வயரையோ பில்டரையோ பாருங்கள்.

சொற்கள் இடறவில்லை. ஊட்டுத்தாங்கிக்கு என் வாக்கு.

நுவரெலியாவிலிருந்து:

சரி, ‘இடை’யை விட்டுவிடுகிறேன். ‘அமுக்கப்பம்பி’ மட்டும் உயர் அமுக்கப்பம்பி என்றிருக்கட்டும். ஏற்றுபம்பியும் ஏதோ கொஞ்சம் அமுக்கத்தோடுதான் ஓடுகிறது.

அக்காவின் முறையோடு இதையும் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு பம்பிக்கும் தனி ரிலே, தனி பியூஸ், 4 சதுர மில்லிமீற்றர் வயர். ரிலேயை என்ஜினின் கணினியான ஈசியூ இயக்கட்டும், என்ஜின் நின்றால் இரண்டும் நிற்கவேண்டும். முதல் தடவை உயர் அமுக்கப்பம்பியின் பியூஸைக் கழற்றிவைத்து, ஏற்றுபம்பியை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, வழிவாய்க் குழாயில் பெற்றோல் போகிற சத்தம் கேட்டபிறகு பியூஸைப் போடுங்கள். உலர்ந்து ஓடிய பம்பி அதன்பிறகு சரிவராது. மூட்டுகளில் வெள்ளை டேப் சுற்றவேண்டாம், கிழிந்த நூல் இன்ஜெக்டர் வாயில் போய் நிற்கும். கலத்தைப் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் வைப்பதென்றால் வெளியே காற்றுப்போக்குள்ள மூடிய பெட்டிக்குள்தான்.

ஹட்டனிலிருந்து:

அக்கா, ‘வழிவாய்’ நல்ல சொல்தான். ஆனால் காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பினால் ‘வான் பாய்கிறது’ என்கிறோம், வான்கதவு என்கிறோம். ‘வான்வாய்’ என்று வைத்தால் என்ன?

பதுளையிலிருந்து:

அழகாயிருக்கிறது தம்பி. ஆனால் வரைபடத்தில் தனியாக ‘வான்’ என்று கண்டால் பாதிப்பேர் ஆகாயத்துக்குத் திறந்த துளை என்று நினைப்பார்கள். பெற்றோல் கலத்தில் அந்த நினைப்பு ஆபத்து. வழிவாய் இருக்கட்டும். குழாய் நிரப்புக் குழாயைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதையும் வரையறையிலேயே எழுதிவிடுங்கள். ஒடுக்கினால் ஊட்டுத்தாங்கிக்குள் அமுக்கம் ஏறும், ரெகுலேட்டரின் திரும்புவழியும் நெரிபடும், 3 பாரில் நிற்கவேண்டிய ரெயில் மூன்றரைக்குப் போகும், கார் நின்று என்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் கரும்புகை அடிக்கும்.