ஆச்சியின் ரேந்தைத் தலையணையும் டதி பள்ளியும்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் நாகர்கோவில் டதி பள்ளியில் படித்திருக்கிறோம். ஆச்சி, அம்மா, நான். ஆச்சி மட்டும் போர்டிங்கில் தங்கிப் படித்தவர். பள்ளியின் கதை முதன்முதலில் என் காதில் விழுந்தது, அவர் திண்ணையில் உட்கார்ந்து ரேந்தை பின்னிக்கொண்டிருந்தபோதுதான். லேஸ் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். ஆச்சிக்குக் கடைசி வரை அது ரேந்தை. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து எங்கள் பக்கம் ஒட்டிக்கொண்ட சொல்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வைக்கோலை இறுக்கித் திணித்த கெட்டியான திண்டு ஒன்று, அதைத்தான் தலையணை என்போம். அதன்மேல் துளை போட்ட அட்டை. துளைக்கு ஒரு குண்டூசி, ஊசிகளைச் சுற்றி வெள்ளை நூல், நூலின் மறுமுனை விரல் நீள மரக்குச்சியில். சின்னக் கரை ஒன்றுக்கே 20, 30 குச்சி தொங்கும். நான்கு குச்சியை எடுத்து மாற்றி, முறுக்கி, ஊசி குத்திவிட்டு அடுத்த நான்குக்குப் போக வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு அந்தக் குச்சிச் சத்தம் மட்டும் கேட்கும், சோழி உருட்டுகிற மாதிரி. சித்திரை வெயிலில் ஆச்சி அடிக்கடி எழுந்துபோய்க் கை கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துவிட்டு வருவார். "கை வேர்த்தா நூலு கறுக்கும் மக்களே, கறுத்தா பாதிக் காசுதான்" என்பார்.

எனக்கு 7 வயது இருக்கும். ஊசித் தலைகள் பளபளவென்று இருந்ததால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு சிரட்டையில் சேர்த்துவிட்டேன். நூல் எல்லாம் தளர்ந்து கலைந்துபோனது. ஆச்சியின் நான்கு நாள் வேலை. அடிப்பார் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, சிக்கெடுத்துக்கொண்டே, டதி பள்ளியை வளர்த்த மால்ட் அம்மாளைப் பற்றிச் சொன்னார்.

அன்று அரைகுறையாகக் கேட்டதைப் பின்னால் தேடிப் படித்துத்தான் கோர்த்தேன். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1818இல் எங்கள் பக்கம் வந்தார். அடுத்த ஆண்டே, 1819இல், நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் வந்து சேர்ந்தார்கள். மார்த்தா 30 ஆண்டுகளுக்கும் மேல் இங்கேயே இருந்து பள்ளியை வளர்த்தார். வெகு காலம் இங்கே ஊழியம் செய்த ஜேம்ஸ் டதியின் பெயர் பள்ளிக்கு வந்தது பிறகுதான்.

பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். சோறும் துணியும் கொடுத்துத் தங்கவைத்தால்தான் பிள்ளைகள் நின்றார்கள். அதற்குப் பணம் வேண்டும். மார்த்தாவுக்கு ரேந்தை பின்னத் தெரியும். 1820களின் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒரு பக்கம், ரேந்தை ஒரு பக்கம். விற்ற காசு பள்ளிச் செலவுக்கு உதவியது, பின்னியவள் கைக்கும் வந்தது.

இதில் என்னை இன்றும் உலுக்குகிற விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் அப்போது திருவிதாங்கூர். அங்கே அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1855இல்தான். அதுவரை மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த அடிமைப் பெண்களில் சிலர் ரேந்தைக் காசைச் சேர்த்து, அதைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகளில் எழுதியிருக்கிறது. ஒரு முழ ரேந்தைக்கு எத்தனை நாள் ஆகும் என்று ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அப்படி எத்தனை முழம் பின்னி ஒரு பெண் தன்னை விலைக்கு வாங்கினாள்!

தோள்சீலைக் கலகமும் இதே காலம்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கம். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற தளர்வான மேல்சட்டை போடலாம் என்று அனுமதி வந்த பிறகும் சந்தையிலும் வழியிலும் துணியைக் கிழித்தார்கள். 1822இலும் 1828, 1829இலும் பெரிய கலவரங்கள். மேலாடைக்கு இருந்த தடையை நீக்கி மன்னரின் அறிவிப்பு வர 1859 ஜூலை 26 ஆயிற்று. மிஷனரிகளின் மனைவிமார் தைக்கக் கற்றுக்கொடுத்த குப்பாயத்தைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

மனசு நோகிற பக்கமும் உண்டு. இங்கிலாந்திலிருந்து ஒரு பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்புகிறவர் சொல்லும் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் அந்தக் காலத்து மிஷன் போர்டிங்குகளில் இருந்தது. ஆச்சியின் பாட்டிக்குச் சபைப் பதிவில் சுத்தமான ஆங்கிலேயப் பெயர். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆச்சிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவர் சொன்ன அன்றே என் நோட்டில் எழுதிவைத்தேன். படிப்பைக் கொடுத்தவர்கள்மேல் எனக்கு நன்றி உண்டு. அந்தப் பெயர் போனதில் வருத்தமும் உண்டு. ஒன்றுக்காக இன்னொன்றை விட எனக்கு மனமில்லை.

இடையன்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர்:

அக்கா, அந்த ரேந்தை எங்கள் ஊருக்கும் வந்தது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர். 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தேரி என்கிற செம்மணலும் பனையும் தவிர ஒன்றும் இல்லாத ஊர் அப்போது. அம்மாவிடம் படித்த அதே முறையில் இங்கேயும் பெண் பிள்ளைகளுக்கு போர்டிங் பள்ளி, ரேந்தை வகுப்பு. கால்டுவெல் என்றதும் எல்லோரும் ஒப்பிலக்கணத்தைத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொன்னதெல்லாம் எலைசா அம்மாளைப் பற்றித்தான். கால்டுவெல் தமிழைப் படித்துக் கற்றவர், அந்த அம்மாள் பிறந்ததிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். பெண்கள் வீட்டு விஷயத்தை எல்லாம் அவரிடம் போய்ச் சொல்ல முடிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி சொல்வார்: பதனீர் காய்ச்சுகிற பருவத்தில் பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். விடலி என்கிற பதனீர் காய்ச்சும் குடிசையில் அடுப்புப் புகை பட்டுக் கை கறுத்துத் திரும்பி வந்தால் ரேந்தையைத் தொட ஒரு வாரம் ஆகும். உங்கள் ஆச்சி கை கழுவியதைப் படித்ததும் அந்த ஞாபகம் வந்துவிட்டது.

முளகுமூட்டிலிருந்து ஒருவர்:

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் கதை கொஞ்சம் பிந்தியது. பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்தர் என்ற துறவி 1897 நவம்பரில் முளகுமூடு வந்தார். ஆதரவில்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் முதலில் வந்தது. அப்புறம் படிப்பும் கைவேலையும் சேர்ந்தன. என் சித்தி கான்வென்ட்டில் ரேந்தை பழகியவர். அவர் கல்யாணத்துக்குத் தங்கம் எடுத்ததில் ஒரு பங்கு அவர் பின்னிய காசு. அதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அப்பா வாங்கிக் கொடுத்ததாகவே பேச்சு. சித்தி எனக்கு மட்டும் அந்த வளையலைக் காட்டி, "இதுல ஒண்ணு என் வெரலு சம்பாதிச்சது" என்றார்.

முதலில் எழுதியவர் மீண்டும்:

தம்பி, பதனீர் அடுப்புக் கதை எனக்குப் புதிது. இடையன்குடிக் கிறிஸ்தவக் கோயிலைப் பார்க்க ஒருமுறை வந்திருக்கிறேன். ரேந்தை பின்னிய பாட்டிமாரைத் தேடிப் போகத் தோன்றாமல் போய்விட்டதே என்று இப்போது இருக்கிறது.

முளகுமூட்டுச் சகோதரி, உங்கள் சித்தி இருக்கிறார் என்றால் ஓர் உதவி. ஆச்சியின் தலையணை என்னிடம்தான் இருக்கிறது. கடைசியாக அவர் பின்னிக்கொண்டிருந்த கரை ஒரு சாணுக்கு மேல் ஓடி, இலை மாதிரி வருகிற இடத்தில் நிற்கிறது. ஊசிகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன, இனியும் விட்டால் நூலில் கறை ஏறும். துருப்பிடித்த ஊசியை எடுத்துப் புதிய ஊசி குத்துவதானால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், குச்சிகளை எதனால் கட்டி நிறுத்த வேண்டும் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் தலையணையை எடுத்துக்கொண்டு நானே முளகுமூடு வருகிறேன்.