காதுவில்லை இல்லாத மாட்டைச் சந்தை வாசலிலேயே திருப்பி அனுப்பலாமா?

அணைக்கட்டு உழவன்:
போன மாதம் ஒரு சந்தையில் கன்றோடு கறவை மாடு பிடித்தேன். பல்லைப் பார்த்தேன், மடியைப் பார்த்தேன், காதைப் பார்க்கவில்லை. எண் போட்ட அடையாள வில்லை காதில் இல்லை. நாலாம் நாள் எச்சில் ஒழுகியது, அப்புறம் குளம்பில் புண். கோமாரி. தொழுவத்தில் இருந்த மற்ற மூன்றுக்கும் பரவியது. இரண்டு மாதக் கன்று நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. வில்லையும் கோமாரித் தடுப்பூசிப் பதிவும் இல்லாத மாட்டைச் சந்தைக்குள் விடவே கூடாது.

குடியாத்தம் வியாபாரி:
கன்று போனது வருத்தமாக இருக்கிறது அண்ணே. ஆனால் இந்தச் சட்டம் யார் தலையில் விழும்? பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஒற்றை மாட்டை ஓட்டி வருகிறவர் தலையில். வில்லை முள்வேலியில் சிக்கிக் காதோடு கிழிந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வண்டி வாடகை கொடுத்து வந்தவரைத் திருப்பினால் ரோட்டோரம் நின்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். அந்த மாடு யார் கணக்கிலும் வராது. வாசலிலேயே ஊசி போட்டு உள்ளே விடட்டும்.

காட்பாடி செவலை:
வாசலில் போடும் ஊசி அன்றைக்கு உதவாதுங்க. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது ஆகும். கிருமி ஏறிய மாடோ கொப்புளம் தெரிவதற்கு முன்பே நோயைப் பரப்பும். 2001-இல் பிரிட்டனில் அப்படித்தான் ஆனது. நோய் வந்தது தெரிவதற்குள் ஆடுகள் சந்தை சந்தையாகக் கைமாறிவிட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றுதான் அடக்கினார்கள். நமக்கு அந்த வழி கிடையாது, ஊசிதான். 2019-இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். வில்லையின் 12 இலக்க எண்ணில் அது பதிவாகிறது.
உழவரே, உங்கள் மூன்று மாட்டுக்கும் ஊசி போட்டிருந்ததா?

அணைக்கட்டு உழவன்:
ஒன்றுக்குப் போட்டிருந்தது. அதற்கு லேசாக வந்து போய்விட்டது. மற்ற இரண்டும் அப்போது இளஞ்சினை. ஊசி போட்டால் கன்று வீசிவிடும் என்று ஊரில் சொன்னார்கள், நம்பிவிட்டேன். தப்புதான்.

காட்பாடி செவலை:
நிறைசினைக்குத்தான் தள்ளிப்போடச் சொல்வார்கள். பால் குறைவதும் சில நாள்தான்.

குடியாத்தம் வியாபாரி:
சரி, அடிமாட்டுக்கும் பதிவு கேட்பீர்களா? மறுநாள் அறுப்புக்குப் போகிற மாட்டுக்கு எதற்கு ஊசி?

அணைக்கட்டு உழவன்:
அதுவும் கறவை மாட்டுக்குப் பக்கத்தில்தானே நிற்கிறது? அதே தொட்டியில்தானே தண்ணீர் குடிக்கிறது? செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் ஆந்திரா மாடும் நம்மூர் மாடும் ஒட்டி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

குடியாத்தம் வியாபாரி:
தொட்டி விஷயம் நியாயம். அடிமாட்டுக்குத் தனி இடமும் தனித் தொட்டியும் வைக்கலாம், அதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். வில்லைக்கு மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. முதலில் அறுந்த வில்லைக்குப் பதில் ஊரிலேயே வேறு போட ஆள் வரட்டும், அப்புறம் வாசலில் கேளுங்கள்.

அணைக்கட்டு உழவன்:
அதுவரைக்கும் காத்திருந்தால் இன்னும் எத்தனை தொழுவம் போகும்? வாங்குகிறவர்களாவது புது மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். நான் அன்று சாயங்காலமே மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்டினேன்.